சிமென்ட் அரிக்காத கண்ணாடி இழை: எதை வாங்குவது, எப்படிக் கலப்பது

கட்டடப் பொருள் கடையில் 'ஃபைபர்' என்று கேட்டால் மூன்று வேறு வேறு சரக்கில் ஏதாவது ஒன்று வரும். ஒன்று, மெல்லிய பிளாஸ்டிக் நாரான பாலிப்ரொப்பிலீன். இரண்டாவது, படகும் தண்ணீர்த் தொட்டியும் செய்கிறவர்கள் வாங்கும் சாதாரணக் கண்ணாடி இழை. அதற்கு ஈ-கிளாஸ் என்று பெயர். மூன்றாவதுதான் காரம் தாங்கும் ஏஆர் கண்ணாடி இழை. கடைசி இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும், விலையில்தான் பெரிய வித்தியாசம். இந்தப் பொருளை வாங்கி ஏமாறுகிறவர்களில் பலர் அந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஜாலி, கார்னிஸ், தூண் உறை, முகப்புப் பலகை என்று 10 முதல் 15 மிமீ கனத்தில் கம்பி இல்லாமல் வார்க்கும் வேலைக்கு ஏஆர் இழையைவிட நல்ல பொருள் இன்று சந்தையில் இல்லை. மொட்டை மாடி ஸ்க்ரீட் (தளத்துக்கு மேல் போடும் மெல்லிய சிமென்ட் படலம்), பாலிஷ் தரை போன்றவற்றுக்கும் கொடுத்த காசுக்குத் தகும். சாதாரணச் சுவர்ப் பூச்சுக்கு அவசியமில்லை. கம்பிக்கு மாற்று என்று யாராவது விற்றால் வாங்க வேண்டாம்.

ஈ-கிளாஸ் ஏன் ஆகாது? ஈரமான சிமென்ட்டுக்குள் இருக்கும் நீரின் பிஹெச் 12.5-க்கு மேல், பல சமயம் 13-ஐத் தாண்டும். அவ்வளவு காரம் கண்ணாடியின் சிலிக்கா வலையை அறுத்துவிடும். மோல்டிலிருந்து எடுத்த புதிதில் ஒன்றும் தெரியாது, பலகை உறுதியாகவே இருக்கும். மாதங்கள் போகப் போக இழையின் மேற்பரப்பில் பள்ளம் விழுந்து, அது மெலிந்து, ஒரு கட்டத்தில் பலகையில் இழையே இல்லாதது போல் ஆகிவிடும். 1960-களில் சோவியத் நாட்டில் ஈ-கிளாஸைக் காரம் குறைந்த அலுமினா சிமென்ட்டோடு சேர்த்துச் சமாளித்துப் பார்த்தார்கள். சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட்டுக்கு வழி பிறந்தது பிரிட்டனின் கட்டட ஆராய்ச்சி நிலையத்தில். அங்கே ஏ. ஜே. மஜும்தார் சிர்கோனியா (சிர்கோனியம் ஆக்சைடு) கலந்த கண்ணாடியை இழையாக இழுக்க முடியும் என்று காட்டினார். பில்கிங்டன் நிறுவனம் 1971-இல் 'செம்-ஃபில்' என்ற பெயரில் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பிற்பாடு அந்தப் பெயர் ஓவன்ஸ் கார்னிங்கிடம் போனது. ஜப்பானின் நிப்பான் எலக்ட்ரிக் கிளாஸும் 1970-களிலிருந்தே இதைச் செய்துவருகிறது. இந்த இரண்டும் பழகிய, நம்பகமான பெயர்கள். சீனச் சரக்கும் நிறைய வருகிறது, அதில் நல்லதும் உண்டு. ஆனால் அதை வாங்கும்போது சிர்கோனியா அளவைப் பார்த்தே ஆக வேண்டும்.

எடையில் குறைந்தது 16 சதவீதம் சிர்கோனியா இருக்க வேண்டும். ஐரோப்பிய, அமெரிக்கத் தர நிர்ணயங்கள் இரண்டும் அதையே கேட்கின்றன. சீனாவிலிருந்து 14.5 சதவீதம் சிர்கோனியாவோடு 6 சதவீதம் டைட்டானியா சேர்த்த இழையும் வரும். அது போலிச் சரக்கு அல்ல. அங்கே அதைக் காரம் குறைந்த சல்ஃபோ அலுமினேட் சிமென்ட்டோடு சேர்த்துப் பயன்படுத்துகிறார்கள், அதற்கு அது போதும். நாம் போடுவது 53 கிரேடு ஓபிசி (சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட்) அல்லது வெள்ளை சிமென்ட். அதற்கு 16-க்குக் கீழே இருப்பதை எடுக்காதீர்கள், விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி.

சப்ளையர் தரும் சான்றிதழில் சந்தேகம் வந்தால் ஒரு கைப்பிடியை எடுத்து எக்ஸ்-கதிரால் தனிமங்களை அளக்கும் எக்ஸ்ஆர்எஃப் சோதனை செய்யும் ஆய்வகத்தில் கொடுங்கள். அறிக்கையைப் படிக்கும்போது ஒரு கவனம் வேண்டும். சில ஆய்வகங்கள் சிர்கோனியா என்று ஆக்சைடாகவும், சில சிர்கோனியம் என்று தனிமமாகவும் எண்ணைப் போடும். தனிமமாக இருந்தால் 1.35-ஆல் பெருக்குங்கள். 11.8 சதவீதம் சிர்கோனியம் என்றால் 16 சதவீதம் சிர்கோனியா. இது தெரியாமல் நல்ல சரக்கைத் திருப்பி அனுப்பவும் வாய்ப்பு உண்டு. பெரிய ஆர்டர் என்றால் 'ஸ்ட்ராண்ட் இன் சிமென்ட்' சோதனை அறிக்கையையும் கேளுங்கள். இழைக்கற்றையைச் சிமென்ட்டில் பதித்து, 80 டிகிரி வெந்நீரில் 96 மணி நேரம் வைத்து, அதற்குப் பிறகு இழுவிசை எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்ப்பது அது. சிர்கோனியா எண்ணைவிட இந்த எண் அதிகம் சொல்லும். ஏனென்றால் இழைமேல் பூசியிருக்கும் சைஸிங் பூச்சின் தரமும் இதில் வெளிவந்துவிடும்.

அடுத்த விஷயத்தைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 'ஏஆர், 12 மிமீ' என்று ஒரே லேபிள் ஒட்டி இரண்டு வகை இழை வருகிறது. ஒன்று தண்ணீர் பட்டதும் பிரிந்துபோகும் வகை. மற்றது கலக்கினாலும் கற்றையாகவே நிற்கும் வகை. செம்-ஃபில் வரிசையில் 'ஆன்டி-கிராக் ஹெச்டி' முதல் வகை, 'ஆன்டி-கிராக் ஹெச்பி' இரண்டாவது வகை. லேபிள் புரியவில்லை என்றால் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டு ஸ்பூனால் கலக்குங்கள். பிரியும் வகை சில நொடிகளில் குலைந்து, தண்ணீரே கலங்கி, தனி இழை எது என்று கண்ணுக்குத் தெரியாமல் மிதக்கும். கற்றையாக நிற்கும் வகை வெள்ளைக் குச்சிகளாக அப்படியே அடியில் போய்ப் படுக்கும்.

பிரியும் வகையில் ஒவ்வொரு இழையும் 14 மைக்ரான் விட்டம். 12 மிமீ நீளத்துக்கு வெட்டினால் ஒரு கிலோவில் ஏறத்தாழ 20 கோடி இழைகள் வரும். அதனால்தான் ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்கு 600 கிராம் மட்டும் போட்டாலே அது வேலை செய்கிறது. அதன் வேலை ஒன்றே ஒன்று: போட்ட முதல் சில மணி நேரத்தில், இறுகும் முன் வரும் பிளாஸ்டிக் சுருக்க விரிசலைத் தடுப்பது. கற்றையாக நிற்கும் வகை இறுகிய பிறகு சுமை தாங்க உதவும். அதை கன மீட்டருக்குப் பல கிலோ போட வேண்டும், ஜிஆர்சி (மெல்லியதாக வார்க்கும் கண்ணாடி இழை கான்கிரீட்) என்றால் மொத்த எடையில் 2 முதல் 5 சதவீதம் வரை. இரண்டையும் மாற்றிப் போட்டால் என்ன ஆகும்? ஜிஆர்சி கலவையில் பிரியும் வகையை 3 சதவீதம் போட்டால் தண்ணீரையெல்லாம் அது உறிஞ்சிக்கொள்ளும். கலவை உருண்டை உருண்டையாகி மோல்டில் இறங்கவே இறங்காது. ஸ்க்ரீடில் கற்றை வகையை 600 கிராம் போட்டால் இழைகள் இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடக்கும், விரிசல் தன் பாட்டுக்கு வரும். அதற்குப் பிறகு குற்றம் பொருள்மேல் விழுகிறது.

கான்கிரீட்டுக்கும் ஸ்க்ரீடுக்கும் உள்ள கணக்கு எளிது. 6 கன மீட்டர் டிரான்சிட் மிக்சருக்கு 3.6 கிலோ. எல்லாப் பொருளும் விழுந்து நன்றாகக் கலந்த பிறகு, கடைசியில், டிரம்மை வேகமாகச் சுற்றவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தூவ வேண்டும். பிறகு கன மீட்டருக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கில், ஐந்து நிமிடத்துக்குக் குறையாமல் சுற்றவிடலாம். ஸ்லம்ப், அதாவது கலவையின் இளக்கம், சற்று இறங்கியதைப் பார்த்ததும் மேஸ்திரி தண்ணீர்க் குழாயைத் தூக்குவார். அங்கேதான் தடுக்க வேண்டும். ஸ்லம்ப் போதவில்லை என்றால் தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் சூப்பர் பிளாஸ்டிசைசர் கொஞ்சம் கூட்டுங்கள். தண்ணீரைக் கூட்டினால் சுருக்கம் கூடும், எதற்காக இழை போட்டோமோ அதுவே கெடும். இழை போட்டாயிற்று, இனி கியூரிங் வேண்டாம் என்பதும் தவறு. மணிக்கு ஒரு சதுர மீட்டரில் ஒரு கிலோ தண்ணீர் ஆவியாகும் அளவுக்கு வெயிலும் காற்றும் இருந்தால் எந்த இழையும் தனியாக நின்று காப்பாற்றாது. சித்திரை, வைகாசியில் மொட்டை மாடி வேலை என்றால் தளம் போட்ட உடனே மூடிவிட வேண்டும்.

பாலிப்ரொப்பிலீனோடு ஒப்பிட்டால்? அதன் அடர்த்தி 0.91, தண்ணீரைவிட லேசு. அதிகமாகத் தேய்த்து ஃபினிஷ் செய்யும்போது மேலே வந்து முடி முடியாக நிற்கும். ஏஆர் கண்ணாடியின் அடர்த்தி 2.68, மணலுக்கு நெருக்கம். அது கலவைக்குள் தன் இடத்தில் தங்கும், ஈரமானால் நிறமும் தெரியாது. விறைப்பு 72 கிகாபாஸ்கல், பாலிப்ரொப்பிலீனைப் போலப் பல மடங்கு. பாலிஷ் தரைக்கும் மெல்லிய டாப்பிங்குக்கும் இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் 1:5 சுவர்ப் பூச்சுக்கு சிமென்ட் மூட்டைக்கு ஒரு பாக்கெட் பாலிப்ரொப்பிலீன் நாரே போதுமானது. அங்கே ஏஆருக்குக் கூடுதல் காசு கொடுப்பதைவிட எம் சாண்டைச் சலித்துப் போடுவதிலும், சுவரை நனைப்பதிலும் கவனம் வைத்தால் பலன் அதிகம்.

இனி ஜிஆர்சி. பொருளின் முழு மதிப்பும் தெரிவது இங்கேதான். ஜோகன்னஸ்பர்க் சாக்கர் சிட்டி மைதானத்தின் வெளி உறை முழுக்க இந்த இழை போட்ட மெல்லிய பலகைகள்தான். பாகுவில் ஜஹா ஹதீத் வடிவமைத்த ஹெய்தர் அலியெவ் மையத்தின் வளைவுகளிலும் கண்ணாடி இழை கான்கிரீட் இருக்கிறது. நம் ஊர்ப் பட்டறைகளில் அதே பொருளில் ஜாலியும் கோயில் தூண் உறையும் வார்க்கிறார்கள்.

ஒரு மூட்டை சிமென்ட்டை வைத்துப் பிரீமிக்ஸ், அதாவது இழையைக் கலவையிலேயே சேர்த்து மோல்டில் ஊற்றும் முறைக்கு, கணக்கு போடுவோம். சிமென்ட் 50 கிலோ, கழுவி உலர்த்திய சிலிக்கா மணல் 50 கிலோ. மணலின் பருமன் 2.4 மிமீக்கு மிஞ்சக்கூடாது, மாவுத்தூளும் அதிகம் இருக்கக்கூடாது. பாதி திடப்பொருள் உள்ள அக்ரிலிக் பாலிமர் 5 கிலோ, தண்ணீர் 13.5 லிட்டர், சூப்பர் பிளாஸ்டிசைசர் ஏறக்குறைய அரை கிலோ. பாலிமருக்குள்ளேயே 2.5 லிட்டர் தண்ணீர் இருப்பதால் நீர்-சிமென்ட் விகிதம் 0.32-இல் நிற்கும். கற்றை வகை 12 மிமீ இழை, மொத்த எடையில் 3 சதவீதம், அதாவது 3.7 கிலோ. சேதாரம் போக 12 மிமீ கனத்தில் சுமார் 45 சதுர அடி வரும், சதுர மீட்டருக்கு 25 கிலோ எடை. மணல் நனைந்திருந்தால் இந்தக் கணக்கு முழுக்க உடையும். 50 கிலோ மணலில் 5 சதவீத ஈரம் என்றால் 2.5 லிட்டர் தண்ணீர் கணக்கில்லாமல் உள்ளே போகிறது, விகிதம் 0.37 ஆகிவிடும். மழைக்காலத்தில் செய்த ஜாலி மட்டும் விரிசல் விடுகிறது என்ற புகாருக்கு முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

கலக்கும் வரிசை முக்கியம். தண்ணீர், பாலிமர், அட்மிக்சரில் (அந்த சூப்பர் பிளாஸ்டிசைசரில்) பாதி முதலில். பிறகு சிமென்ட், மணல். கட்டி இல்லாமல் வழுவழுவென்று வரும்வரை வேகமாகச் சுற்றி, மீதி அட்மிக்சரால் பதம் பார்க்க வேண்டும். பதம் சரியான பிறகுதான் இழையைத் தொட வேண்டும். மிக்சரை மெதுவான வேகத்துக்கு, நிமிடத்துக்கு 300 சுற்று அல்லது அதற்கும் கீழே, இறக்கி, ஒரே இடத்தில் கொட்டாமல் தூவ வேண்டும். இழை முழுதும் விழுந்த பிறகு ஒரு நிமிடம், மிஞ்சினால் இரண்டு. அதோடு நிறுத்திவிட வேண்டும். கையில் ஒரு பிடி கலவையை எடுத்துப் பாருங்கள். குச்சிகள் வெள்ளையாக, நேராக, தனித்தனியாகத் தெரிந்தால் சரி. விளிம்பில் நூல் பிரிந்து மங்கலான புசுபுசுப்பு தெரிந்தால் அதிகம் கலக்கியாயிற்று. அந்த பேட்ச் பதம் கெட்டு இறுகும். அதில் தண்ணீர் ஊற்றி மீட்கப் பார்க்காதீர்கள்.

ஒரே வேகத்தில் சுற்றும் டிரில்லில் துடுப்பு மாட்டிக் கலக்குகிறவர்கள் அதை இழை இல்லாத கலவைக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். இழைக்கு வேகம் குறைக்க முடிகிற இன்னொரு டிரில் வேண்டும். சாதாரண சாய்வு டிரம் மிக்சர் ஜிஆர்சிக்கு ஆகவே ஆகாது. கட்டி உடையாது, இழை உருண்டை கட்டும்.

ஊற்றுவதிலும் ஒரு நுணுக்கம். ஜாலி மோல்டில் ஒரு மூலையிலிருந்து மட்டும் ஊற்றி, கலவை தானாக ஓடி மறுமூலை போய்ச் சேர விட வேண்டும். இரண்டு பக்கமும் ஊற்றினால் நடுவில் இரண்டு ஓட்டமும் முட்டிக்கொள்ளும் கோட்டை இழை தாண்டாது. அங்கே வெறும் சிமென்ட் மட்டும் இருக்கும். லாரியில் ஏற்றும்போது ஜாலி உடைந்தால் உடைந்த முகத்தைப் பாருங்கள். இழை நீட்டிக்கொண்டிருக்காமல் மொழுக்கென்று இருந்தால் காரணம் இதுதான். பட்டையின் அகலம் குறுகலாக இருந்தால் 12 மிமீ இழை திருப்பத்தில் அடைத்துக்கொள்ளும், அப்போது 6 மிமீ இழைக்கு மாறலாம். அதிர்வு மேஜையில் லேசாகத் தட்டினால் போதும், ஊசி வைப்ரேட்டர் வேண்டாம்.

பெரிய முகப்புப் பலகைக்கு ஸ்ப்ரே முறைதான். ரோவிங் என்ற வெட்டாத இழைச் சுருளைத் துப்பாக்கியே 32 முதல் 38 மிமீ நீளத்துக்கு வெட்டிக் கலவையோடு தெளிக்கும். 5 சதவீத இழையும் சமதளத்தில் படுப்பதால் பலம் அதிகம். சர்வதேச ஜிஆர்சி சங்கத்தின் தரப் பிரிவில் பிரீமிக்ஸ் பெரும்பாலும் கிரேடு 8 அல்லது 10, ஸ்ப்ரே கிரேடு 18. அந்த எண்கள் 28 நாளில் வளைவு பலம் எத்தனை மெகாபாஸ்கல் என்பதைச் சொல்கின்றன. தினமும் காலையில் துப்பாக்கியை அளந்து பார்க்க வேண்டும். 30 நொடி கலவையை மட்டும் வாளியில் பிடித்து எடை போடுங்கள், 30 நொடி இழையை மட்டும் பையில் பிடித்து எடை போடுங்கள். கலவை 6 கிலோ என்றால் இழை 315 கிராம் வர வேண்டும். குறைந்தால் பெரும்பாலும் பிளேடு மழுங்கியிருக்கும் அல்லது காற்றழுத்தம் இறங்கியிருக்கும். முகத்துக்கு அடிக்கும் இழையில்லாத முதல் பூச்சு 3 மிமீயைத் தாண்டினால் வலைப்பின்னலாக முடி விரிசல் வரும்.

பாலிமர் போட்டிருந்தால் முதல் இரவு பாலித்தீனால் மூடி வைத்து, மறுநாள் மோல்டிலிருந்து எடுத்தபின் காற்றில் விடலாம். பாலிமர் இல்லை என்றால் ஏழு நாள் ஈரம் காயாமல் வைத்தே ஆக வேண்டும். 12 மிமீ பலகை தடித்த தளம் மாதிரி ஈரத்தைப் பிடித்துவைக்காது, ஒரு மதிய வெயில் போதும் அதைக் கெடுக்க.

பொருளின் உண்மையான குறை ஒன்று இருக்கிறது, அதை விற்பனையாளர்கள் அதிகம் பேசுவதில்லை. ஏஆர் இழையும் காலப்போக்கில் கொஞ்சம் தன் குணத்தை இழக்கும். காரம் தின்பதால் மட்டுமல்ல, சிமென்ட் இறுகும்போது உண்டாகும் கால்சியம் ஹைட்ராக்சைடு படிகங்கள் கற்றைக்குள் இழைகளின் நடுவில் வளர்ந்து அடைத்துக்கொள்வதாலும். புதுப் பலகை வளைந்து கொடுத்து, விரிசல் விட்ட பிறகும் சுமை தாங்கும். பழைய பலகை விரிசல் விட்டதும் உடையும். சோதனை அறிக்கையில் எல்ஓபி என்று முதல் விரிசல் பலமும், எம்ஓஆர் என்று இறுதி பலமும் இருக்கும். ஆண்டுகள் ஆக ஆக இரண்டாவது எண் முதல் எண்ணை நோக்கி இறங்கும். ஆகவே வடிவமைக்கும்போது 28 நாள் எம்ஓஆரை நம்பிக் கனத்தைக் குறைக்கக்கூடாது. சூடும் ஈரமும் சேர்ந்தால் இந்த முதுமை வேகமாக வரும். லண்டனுக்குப் போட்ட கணக்கு சென்னைக்கும் கொழும்புக்கும் அப்படியே பொருந்தாது. கடற்கரை ஊர்களில் வெளிப்புற வேலை என்றால் சிமென்ட்டில் 10 சதவீதத்துக்குக் குறையாமல் மெட்டாகயோலின் (சுட்ட கயோலின் களிமண் தூள்) மாற்றிப் போடுங்கள், பாலிமரைத் தவிர்க்காதீர்கள். மெட்டாகயோலின் அந்த ஹைட்ராக்சைடைத் தின்றுவிடும். செலவு கொஞ்சம் கூடும், அட்மிக்சரும் கூட வேண்டியிருக்கும். இருந்தும் இதில் கஞ்சம் பிடிக்க வேண்டாம் என்றே சொல்வோம்.

மாட்டும் முறையிலும் பலகை கெடும். ஜிஆர்சி நனைந்தால் விரியும், காய்ந்தால் சுருங்கும், மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு. நான்கு மூலையிலும் போல்ட்டை இறுக்கினால் நடுவில் பிளக்கும். ஒரு புள்ளியை இறுக்கி, மற்றவற்றுக்கு நீள்துளை விட வேண்டும்.

பூச்சு வேலைக்கு விற்கும் 'ஏஆர் மெஷ்' பற்றியும் ஒரு வார்த்தை. கான்கிரீட் தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் ஒட்டும் அந்த வலையில் பெரும்பாலானவை ஈ-கிளாஸ் நூல்மேல் அக்ரிலிக் பூசியவை. இணைப்பு விரிசலுக்கு அது போதும், ஏனென்றால் பூச்சு உரியாதவரை காரம் நூலைத் தொடாது. ஆனால் அதை ஜிஆர்சிக்குள்ளோ மெல்லிய கான்கிரீட் பலகைக்குள்ளோ வலுவூட்டலாகப் போடக்கூடாது. வெட்டிய முனைகள் வழியாகக் காரம் ஏறும். அதற்குக் கண்ணாடியே ஏஆராக இருக்கும் ஸ்க்ரிம் என்ற வலை தனியாகக் கிடைக்கிறது, கேட்டு வாங்க வேண்டும்.

கையாள்வதில் பயப்பட ஒன்றுமில்லை. ஆஸ்பெஸ்டாஸுக்கு மாற்றாக வளர்ந்த பொருள் இது. 14 மைக்ரான் இழை நுரையீரலின் ஆழத்துக்குப் போகும் அளவுக்கு மெல்லியது அல்ல. தோல் அரிக்கும், அவ்வளவுதான். கையுறை, கண்ணைக் காக்கும் கண்ணாடி, மூக்குக்கவசம் போட்டு, வேலை முடிந்ததும் தேய்க்காமல் குளிர்ந்த நீரில் கழுவினால் போதும்.

சரக்கு வந்து இறங்கியதும் பையில் பேட்ச் எண், சிர்கோனியா சதவீதம், நீளம், பிரியும் வகையா கற்றை வகையா என்ற நான்கும் அச்சில் இருக்கிறதா என்று பாருங்கள். பில்லிலும் 'ஏஆர், 16 சதவீதத்துக்குக் குறையாமல்' என்று எழுதி வாங்குங்கள். ஒரு பையைப் பிரித்துத் தண்ணீர்ச் சோதனை செய்துவிட்டு, 200 கிராம் மாதிரியைப் பேட்ச் எண்ணோடு கட்டி வையுங்கள். பைகள் தரையில் படாமல் பலகைமேல் இருக்கட்டும். ஈரம் பட்ட பை ஒட்டிக் கட்டியாகிவிடும், அதை உதிர்த்துப் போட்டாலும் கலவையில் உருண்டையாகவே நிற்கும். பிரித்த பையை அன்றன்றைக்கே தீர்ப்பது நல்லது. மிஞ்சினால் காற்றுப் புகாமல் கட்டி வைக்க வேண்டும்.